உடன் வருகிறான் என்று நினைத்தார்கள்

(புனித யோசேப்பு பெருவிழா மறையுரை. நற்செய்தி: லூக்கா 2:41-51)



எனக்கு ஏழு வயது இருக்கும்போது நடந்தது இது. வேளாங்கண்ணித் திருவிழா. செப்டம்பர் 7-ஆம் தேதி மாலை, பெரிய தேர் பவனி. கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பா என் கையில் தன் வேட்டி நுனியைக் கொடுத்து, "இதை விடாதே" என்று சொல்லியிருந்தார். நானும் விடாமல்தான் நடந்தேன். ஒரு கடையில் பொம்மை விமானம் தொங்கியது. நின்று பார்த்தேன். அரை நிமிடம்கூட இருக்காது. திரும்பி மறுபடியும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெகுதூரம் போனபிறகு, எதையோ கேட்பதற்காக அண்ணாந்து பார்த்தேன். அது அப்பா இல்லை. நான் பிடித்திருந்தது வேறு யாரோ ஒருவருடைய வேட்டி.

இன்றைக்கு நினைத்தாலும் என் வயிற்றைக் கலக்குவது, தொலைந்துபோனேன் என்று தெரிந்த அந்த நொடி இல்லை. அதற்கு முன்பு நடந்த அந்த வெகுதூரம்தான். அவ்வளவு நேரமும் நான் தொலைந்துதான் போயிருந்தேன். ஆனால் அப்பாவோடு போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக நடந்திருக்கிறேன். அதே நேரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த என் அப்பாவும், மகன் பின்னால் வருகிறான் என்று நிம்மதியாக நடந்திருக்கிறார்.

தன்னார்வலர் ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மைக் இருக்கும் இடத்தில் உட்காரவைத்தார். என் பெயரையும், அப்பா பெயரையும், ஊர்ப் பெயரையும் சொல்லி அறிவித்தார்கள். நான் காத்திருந்தேன். மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது நற்செய்திக்கு வருவோம்.

நாசரேத்திலிருந்து எருசலேம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். நடந்துபோனால் நான்கைந்து நாள் ஆகும். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகிற நம் ஊர்க் குழுவைப் போலத்தான் அவர்களும் போனார்கள். உறவினர், ஊரார், பெரியவர், சிறுவர் எல்லாரும் ஒரே கூட்டம். வழியில் கள்வர் பயம் உண்டு. அதனால் யாரும் தனியாகப் போவதில்லை. பாஸ்கா விழா முடிந்து எல்லாரும் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். பெற்றோருக்கு அது தெரியாது. பயணிகள் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணிக்கொண்டு ஒருநாள் முழுவதும் நடந்துவிடுகிறார்கள்.

இதைக் கவனியுங்கள். மரியாவும் யோசேப்பும் பிள்ளையைக் கைவிட்டவர்கள் இல்லை. சண்டை போட்டுத் துரத்தியவர்கள் இல்லை. அக்கறை இல்லாதவர்களும் இல்லை. ஏரோதிடமிருந்து காப்பாற்ற நள்ளிரவில் எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். பகைவனிடம் இழக்காத பிள்ளையை, சொந்தக்காரர்கள் நடுவே, திருவிழா முடிந்த மகிழ்ச்சியில், ஒரு நினைப்பில் தவறவிடுகிறார்கள். உடன்தான் வருகிறான் என்ற நினைப்பு. தீய எண்ணம் எதுவும் இல்லாத, நல்ல நினைப்பு. நம் குடும்பங்களில் இன்று நடக்கும் இழப்பு பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான் என்பதைச் சொல்லவே இந்தப் பீடத்தின் முன் நிற்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், வீடு சந்திப்புக்காக ஒரு மாலை அன்பியப் பொறுப்பாளரோடு ஓர் இல்லத்துக்குள் நுழைந்தேன். ஒரே அறையில் நான்கு பேர். அப்பா செல்போனில் விவாத நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையில் இன்னொரு செல்போன். மகள் காதில் இயர்போன். பையன் விளையாட்டில் மூழ்கியிருந்தான். என்னைப் பார்த்ததும் நால்வரும் எழுந்து தோத்திரம் சொன்னார்கள். நல்ல குடும்பம், ஞாயிறு திருப்பலி தவறாத குடும்பம். செபித்து முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, "தம்பிக்கு நெருங்கிய நண்பன் யார்?" என்று பெற்றோரிடம் சாதாரணமாகக் கேட்டேன். அம்மா உடனே ஒரு பெயரைச் சொன்னார். பையன் தலை குனிந்தபடியே, "அவன் ஸ்கூல் மாறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றான்.

ஒரு நாள் பயணத் தொலைவு என்பது இதுதான், அன்புக்குரியவர்களே. அந்தப் பையன் அதே அறையில்தான் இருந்தான். அதே தட்டில் சாப்பிட்டான், அதே கூரையின்கீழ் தூங்கினான். ஆனால் அவனுடைய இரண்டு ஆண்டுகள் அவர்களுக்குத் தெரியாமலே கடந்துபோயிருந்தன.

இன்று மார்ச் 19. சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2016-இல், இதே யோசேப்பு பெருவிழா நாளில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில் கையெழுத்திட்டார். அதன் ஏழாம் அதிகாரம் பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. அது ஒரு கேள்வியோடு தொடங்குகிறது: நம் பிள்ளைகள் எங்கே? பிள்ளை இந்த நிமிடம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்காணிப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவனுடைய உள்ளம் எங்கே இருக்கிறது, எதை நம்புகிறான், எதற்கு ஏங்குகிறான், எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறான் என்பது நமக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்துகொள்ள நமக்கு ஆசை இருக்கிறதா? அதே அதிகாரத்தில், இரவு உணவு நேரத்தில் ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்திருக்கும் வீட்டையும், கருவியோடு மணிக்கணக்கில் விளையாடும் துணைக்காகக் காத்திருந்து தூங்கிப்போகும் மற்றவரையும் அவர் நினைவூட்டுகிறார். இந்தப் பத்தாண்டுகளில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. பிள்ளை எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதை இன்று செல்போன் வரைபடம் காட்டிவிடும். அவன் மனம் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை அது காட்டாது.

பெற்றோரை மட்டும் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நானும் இதில் விழுந்தவன். பங்கு இல்லத்துக்கு ஒருவர் பேசவந்தார். எதையோ சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தார். அவர் பேசப் பேச நான் இரண்டு முறை செல்போன் திரையைப் பார்த்தேன். அவர் எழுந்து, "அப்புறம் வரேன் ஃபாதர்" என்று போனார். அதன்பிறகு வரவேயில்லை. அவர் சொல்லவந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தத் தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்தில் நான் அறிக்கையிட்ட பாவங்களில் இதுவும் ஒன்று.

தொலைந்துபோகிறவர்கள் பிள்ளைகள் மட்டுமா? வீட்டில் இருக்கும் முதியவர்களை நினைத்துப் பாருங்கள். 'டிஜிட்டல் கைது' என்று ஒரு மோசடி நாடெங்கும் நடப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். காவல்துறை அதிகாரி போல வேடமிட்ட ஒருவன் வீடியோ அழைப்பில் வருகிறான். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டுகிறான். மணிக்கணக்கில், சிலரை நாட்கணக்கில், அந்தத் திரையின் முன்னாலேயே உட்காரவைத்துச் சேமிப்பு முழுவதையும் பறித்துவிடுகிறான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. எந்தக் காவல்துறையும் வீடியோவில் யாரையும் கைது செய்வதில்லை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள். அப்படி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. படித்து, பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்கூட இதில் சிக்குகிறார்களே, ஏன்? அந்த மோசடிக்காரன் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்பதுதான். தனியாக இருப்பவர்தான் அவனுக்கு வேண்டும். வீட்டில் ஆள் இருந்தும் தனியாக இருப்பவர் கிடைத்தாலும் அவனுக்குப் போதும். அப்பா ஏன் காலையிலிருந்து அறைக்கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார் என்று ஒரு முறை தட்டிக் கேட்க ஆள் இருந்தால், பல வீடுகளில் அந்த மிரட்டல் அந்த நொடியே உடைந்திருக்கும். மாடியில் மகன், கீழே அம்மா. மாதா மாதம் மருந்து வாங்கிக் கொடுத்தாகிறது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்போடு எத்தனை நாள் பயணம் நடந்திருக்கிறோம்?

கணவன், மனைவியும் அப்படித்தான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து கடந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன்னே இந்த விளையாட்டில் நகையை, நிலத்தை, கடைசியில் உயிரையே இழந்தவர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அவர்களில் பலருடைய மனைவியருக்கு, எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஒரே கட்டிலில் படுத்திருந்த இருவரில் ஒருவர் போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்தபடி மூழ்கிக்கொண்டிருந்தார். மற்றவர் அவர் தூங்குகிறார் என்று நினைத்தார்.

சரி, தொலைத்துவிட்டோம். இனி என்ன செய்வது? மரியாவும் யோசேப்பும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, அவர்கள் திரும்பினார்கள். சொல்வதற்கு எளிது. எருசலேம் மலைமேல் இருக்கும் நகரம். இறங்கிவந்த வழியை மறுபடி ஏறவேண்டும். நடந்துவந்த ஒரு நாளும் வீண். கூட்டம் ஊர் நோக்கிப் போக, இவர்கள் இருவரும் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். 'வந்தவரை வந்துவிட்டோம், அவனே வந்து சேர்வான்' என்று அவர்கள் சொல்லவில்லை. தவக்காலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் மனமாற்றம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியவில்லை. தவறவிட்ட இடம்வரை திரும்பி நடப்பது. பிள்ளையோடு பேச்சு எந்த ஆண்டில், எந்தச் சண்டையில் நின்றுபோனதோ அந்த இடம்வரை போவது. "அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்னை அடித்தேன், அது தப்பு" என்று பதினாறு வயது மகனிடம் ஓர் அப்பா சொல்வதற்கு, எருசலேம் மலையை ஏறுவதைவிட அதிக மூச்சு வேண்டும். அந்த மூச்சைத்தான் தூய ஆவியாரிடம் கேட்கிறோம்.

இரண்டாவது, அவர்கள் சேர்ந்து தேடினார்கள். நம் வீட்டில் பிள்ளை வழிதவறினால் முதலில் வரும் பேச்சு எது? "எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்." "நீ எப்ப வீட்டுல இருந்த, இதைக் கேட்க?" லூக்கா அப்படி ஒரு வார்த்தையையும் பதிவுசெய்யவில்லை. மகனைக் கண்டதும் மரியா பேசுகிறார். மிகுந்த கவலையோடு தேடினோம் என்கிறார். அப்படிச் சொல்லும்போது தன்னைப் பின்னால் வைத்து, தந்தையை முன்னால் வைத்துச் சொல்கிறார். அந்த மூன்று நாள் அலைச்சலில் அவர்களுக்குள் குற்றச்சாட்டு வளரவில்லை என்பதற்கு அந்த வரிசையே சாட்சி. பிள்ளையைத் தேடுகிற பெற்றோர் ஒருவர்மேல் ஒருவர் விரல் நீட்டினால், பிள்ளையின் கையைப் பிடிக்க விரல் மிஞ்சாது.

மூன்றாவது, எங்கே கண்டார்கள் என்பது. கோவிலில், போதகர்கள் நடுவே. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் இயேசு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அடையாளமே கேள்விதான். யாரிடம் கேட்கிறான் என்பதுதான் இன்று நம் முன் இருக்கும் பெரிய கேள்வி.

மறைக்கல்வி வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், "சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்?" என்றேன். செயற்கை நுண்ணறிவுச் செயலியின் பெயரைச் சொன்னான். படிப்புச் சந்தேகம் மட்டும் இல்லை. கடவுள் இருக்கிறாரா, எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது, எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்கிறானாம். ஏன் என்றேன். "எத்தனை தடவை கேட்டாலும் அது திட்டாது ஃபாதர்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. கேள்வி கேட்டால் திட்டாத ஒருவர் அவனுக்கு வேண்டியிருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் கோவிலிலும் அப்படி ஒருவர் அகப்படாததால் அங்கே போனான். எருசலேம் போதகர்கள் ஒரு சிறுவனைத் தங்கள் நடுவே உட்காரவைத்தார்கள். அவன் கேள்விகளைக் கேட்டு வியந்தார்கள். நாம் உட்காரவைக்கிறோமா?

அந்தக் கருவி திட்டாது, உண்மை. ஆனால் பிள்ளை காணாமல் போனால் அது தேடியும் வராது. மூன்று நாள் தூக்கமின்றி அலையாது. அவனுக்காக வயிறு கலங்காது. பதில் சொல்பவர் பலர் கிடைப்பார்கள், தேடிவருகிறவர்கள்தான் குடும்பம். கடந்த ஆண்டு மே மாதம் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே நம் திருத்தந்தை, தாம் லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் சொன்னார். 1891-இல் தொழிற்புரட்சியின் நடுவே தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதியவர் பதின்மூன்றாம் லியோ. செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் மாற்றத்தை அதே போன்ற இன்னொரு புரட்சியாகக் கண்டு, மனித மாண்பையும் நீதியையும் உழைப்பையும் காக்கும் பொறுப்பு திருச்சபைக்கு உண்டு என்றார் பதினான்காம் லியோ. அந்தப் பொறுப்பு வத்திக்கானில் தொடங்கி நம் சாப்பாட்டுப் பாயில் முடிகிறது. ஆஸ்திரேலியாவில் கடந்த டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாதபடி சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு நாடு தன் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவது நல்லதே. ஆனால் சட்டம் ஒரு கதவைச் சாத்தத்தான் முடியும். சாத்திய கதவுக்கு வெளியே தனியாக நிற்கும் பிள்ளையின் தோளில் கைபோட்டு, "வா, பேசலாம்" என்று சொல்ல நாம்தான் வேண்டும்.

கருவிகள் தம்மிலே தீமை என்று நான் சொல்லவில்லை. நம் பங்கிலேயே வெளிநாட்டில் வேலைசெய்யும் ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். தினமும் இரவு வேலை முடிந்ததும், வீடியோ அழைப்பில் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். நோட்டைக் கேமரா முன் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் திருத்துகிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவர், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பல அப்பாக்களைவிட அருகில் இருக்கிறார். தொலைவைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் மனதுதான்; கருவி அந்த மனதின் கையில் இருக்கிறது.

கடந்த செப்டம்பர் 7-ஆம் தேதி திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ் இதற்கு நல்ல சான்று. 1991-இல் பிறந்து, 2006-இல் இரத்தப் புற்றுநோயால் தம் 15-ஆம் வயதில் இறந்தவர். கணினியில் தேர்ந்தவர், உலகெங்கும் நடந்த நற்கருணை அற்புதங்களைத் திரட்டி இணையத்தில் காட்சிக்கு வைத்தவர். வீடியோ விளையாட்டு அவருக்கும் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்கிறார்கள். அவருடைய தாய் கோவிலுக்கு அதிகம் போகாதவர். சிறுவன் கார்லோ விசுவாசத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்க, அவருக்குப் பதில் தெரியவில்லை. "இதெல்லாம் உனக்கெதற்கு" என்று அவர் மகன் வாயை அடைக்கவில்லை. பதில் தேடித் தாமே இறையியல் படிக்கப் போனார். மகன் கேட்டான், தாய் தேடினார், தேடிப்போன இடத்தில் கடவுளைக் கண்டார். அந்தத் தாயும் தந்தையும் கண்முன் இருக்கத்தான் மகன் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியாதது அவமானம் இல்லை, பெற்றோரே. "எனக்கும் தெரியலப்பா, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் வீட்டில்தான் பிள்ளை தொலையாது.

மரியாவுக்கும் யோசேப்புக்கும் மகன் சொன்ன பதில் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். தம் தந்தையின் இல்லத்தில் தாம் இருக்கவேண்டும் என்பது தெரியாதா என்று கேட்கிறார் இயேசு. புரியவில்லை, ஆனாலும் அவர்கள் சினம்கொள்ளவில்லை. மரியா அதை உள்ளத்தில் வைத்துக் காத்தார். யோசேப்பு வாய்திறக்கவே இல்லை.

யோசேப்பின் மௌனத்தைப் பற்றி ஒரு சொல். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படி வாய்திறவாத ஒருவருக்குத்தான் நம் தமிழில் 3,615 பாடல்களில் ஒரு காப்பியம் இருக்கிறது. வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணி. 1726-இல் எழுதப்பட்ட அதற்கு இது 300-ஆவது ஆண்டு. சூசையப்பருக்கு அவர் இட்ட தமிழ்ப் பெயர் வளன். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் மேலும் கூட்டித் தருவார் என்று பொருள். அதைத்தான் வளன் என்றார். குடும்பத்துக்கு வளம் சேர்ப்பவர் தந்தை. எப்படிச் சேர்த்தார்? சம்பாதித்துப் போட்டார், உண்மைதான். அதோடு நிற்கவில்லை. நள்ளிரவில் எழுந்தார், எகிப்துக்கு நடந்தார், எருசலேமுக்குத் திரும்பி நடந்தார், தச்சுப்பட்டறையில் மகனைப் பக்கத்தில் நிறுத்தி உளி பிடிக்கச் சொல்லித் தந்தார்.

அப்பாக்களே, "நான் அதிகம் பேசமாட்டேன் ஃபாதர், என் சுபாவம் அப்படி" என்று சொல்கிறீர்கள். யோசேப்பும் பேசவில்லை. ஆனால் அவருடைய மௌனம் மகனின் பக்கத்தில் இருந்தது. செல்போனைப் பார்த்தபடி இருக்கும் நம் மௌனம் யார் பக்கத்தில் இருக்கிறது என்று இன்று இரவு கேட்டுப்பாருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பொதுத்தேர்வுக் காலம், பலர் களைத்துப் போயிருக்கிறீர்கள். இயேசு அன்று அந்தப் போதகர்களோடே தங்கிவிட்டிருக்கலாம். அவரைப் புரிந்துகொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கோ அவர் பேச்சு புரியவில்லை. இருந்தும் அவர்களோடு நாசரேத்துக்கு இறங்கிப்போனார், அவர்களுக்குப் பணிந்து நடந்தார். உங்களைப் புரிந்துகொள்ளாத அப்பா அம்மாவும், உங்களுக்காகத் தூங்காதவர்கள்தான். மதிப்பெண் என்ன வந்தாலும், மனதில் என்ன பாரம் இருந்தாலும், வீட்டுக்கு இறங்கி வாருங்கள். வீட்டில் சொல்லமுடியாத ஒன்று இருந்தால், கோவில் கதவு திறந்திருக்கிறது. நான் திட்டமாட்டேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் 17 நாள்கள் இருக்கின்றன. ஏப்ரல் 5-க்குள் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, இரவுச் சாப்பாட்டு வேளையில் எல்லாச் செல்போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும். திருக்குடும்பப் படத்தின் கீழே வையுங்கள். முதலில் வைக்கவேண்டியது அப்பா, அடுத்தது அம்மா, அதன்பிறகே பிள்ளைகள். இரண்டாவது, ஒவ்வொருவரிடமும் நாளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் அந்தக் கேள்வி வேண்டாம். "இன்னைக்கு எதை நினைச்சு சிரிச்ச?" "எதாவது பயமா இருக்கா?" பதில் வராமல் போகலாம். மறுநாளும் கேளுங்கள். மூன்று நாள் தேடியவர்களின் பிள்ளைகள் நாம். மூன்றாவது, சூசையப்பருக்குரிய புதன்கிழமைதோறும், தாத்தா பாட்டியின் அறையில் கால் மணி நேரம் போய் உட்காருங்கள். தூரத்தில் இருந்தால் அழைத்துப் பேசுங்கள். மருந்து தீர்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள்.

என் கதையின் மீதி இதுதான். மைக்கில் அறிவித்து நெடுநேரம் கழித்து அப்பா வந்தார். காலில் செருப்பு இல்லை. கூட்டத்தில் எங்கோ போயிருந்தது. கடற்கரைவரை இரண்டு முறை போய்த் திரும்பினாராம், அம்மா பிறகு சொன்னார். அடிப்பார் என்று பயந்தேன். அடிக்கவில்லை. ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்தார். பேருந்தில் நான் தூங்கிப்போன பிறகும் அந்தக் கை விடவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே நடந்துபோனாலும் பத்தடிக்கு ஒரு முறை நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். நான் பெரியவனான பிறகும், குருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகும் அது மாறவில்லை. கடைசி ஆண்டுகளில் அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். அப்போது நான் முன்னால் போகிறவன், அவர் பின்னால் வருகிறவர். ஒருநாள் ஏதோ யோசனையில் விறுவிறுவென்று போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்ப்பேன் என்று நம்பி நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். இன்று வீட்டுக்குப் போனதும் திரும்பிப் பாருங்கள்.

புனித சூசையப்பரே, வாய் திறவாமல் தேடிய தந்தையே, எங்கள் வீடுகளில் தொலைந்தவர்களை நீர் அறிவீர். தொலைத்தது தெரியாமல் நடக்கிற எங்களை நிறுத்தும். திரும்பி நடக்கும் கால்களையும், ஒருவரையொருவர் பழிக்காத நாவையும், மூன்றாம் நாள்வரை சோராத உள்ளத்தையும் உம் திருமகனிடம் எங்களுக்காகக் கேட்டருளும். ஆமென்.